சிரித்தால் விழும் மனிதர்

சேனாதிபதி சிரித்தால் விழுந்துவிடுவார். விழுந்து விழுந்து சிரித்தோம் என்று நாமெல்லாம் சொல்கிறோமே, அந்த மாதிரிப் பேச்சல்ல. முதலில் தாடை தொங்கும். பிறகு தலை மார்பில் சாயும். முழங்கால் இரண்டும் மடங்கும். நனைந்த சாக்கு சரிவது போல நின்ற இடத்திலேயே சரிந்து தரையில் கிடப்பார். ஒரு நிமிஷம், சில சமயம் இரண்டு. பிறகு தானாக எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொள்வார். கிடக்கிற நேரம் முழுவதும் அவருக்கு நினைவு இருக்கும். பக்கத்தில் யார் என்ன பேசினாலும் கேட்கும். அதை அவர் பல பேரிடம் சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை.

நான் அப்போது கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். இதில் பாதி சேனாதிபதியே எனக்குச் சொன்னது. கொஞ்சம் அவரோடு வேலை செய்த வெள்ளகவி கிராமத்து மூக்கையா சொன்னது. மீதியை நானே பார்த்தேன்.

அவர் பிறந்தது இலங்கையில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில். பதினாறு வயதில் தூக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றபடியே தூங்குவார். சோற்றில் கை வைத்தபடியே தூங்குவார். கால் மணி நேரம் தூங்கினால் தெளிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி வரும். இரவிலோ பத்து தடவை விழிப்பு. கண் அசந்த அந்த நொடியிலேயே கனவு தொடங்கிவிடும். லயத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் உள்ளே வருவான். மார்பில் ஏறி உட்காருவான். இவரால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. அமுக்குவான் பேய் என்றாள் அம்மா. சோம்பேறி என்றார் கங்காணி. அம்மா பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போனாள். கங்காணி பிரம்பால் அடித்தார். பூசாரியும் பிரம்பால்தான் அடித்தார்.

1972இல் இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி தாயும் மகனும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். மண்டபம் முகாமில் அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். அவள் பிணத்தருகே உட்கார்ந்திருந்த மகன் தூங்கிவிட்டான். அடுத்த கொட்டகைக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். பெற்றவள் செத்துக் கிடக்கிறாள், இவனுக்குத் தூக்கம் கேட்கிறது என்று காறித் துப்பினார்கள். அந்த வாரமே, முகாமுக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு காண்ட்ராக்டரின் லாரியில் ஏறி அவர் கொடைக்கானல் மலைக்கு வந்துவிட்டார். பள்ளங்கிக்கு மேலே சீகை மரக் காடு. மரத்தை வெட்டி, பட்டையை உரித்து, கட்டு கட்டி அனுப்புகிற வேலை. அந்தப் பட்டை தோல் பதனிட கீழே போகும். காட்டுக்குள்ளேயே தகரக் கொட்டகைகள் போட்டு முப்பது குடும்பங்களைக் குடிவைத்திருந்தார்கள்.

அங்கே மேற்பார்வை பார்த்தவர் சுப்புராஜ். தெற்கத்திச் சீமைக்காரர். ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மரத்திலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று சுப்புராஜின் குல்லாயைப் பிடுங்கிக்கொண்டு ஏறி, அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். சேனாதிபதியும் சிரித்தார், தூக்குச்சட்டியோடு சாய்ந்தார். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒரு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

“என்னலே ஆச்சு?”

“சிரிச்சா இப்படித்தாங்க. எழும்ப ஏலாது. கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்.”

சுப்புராஜ் குல்லாயை மறந்துவிட்டார். “சிரிச்சா விழுவியா? எங்க, இன்னொரு தடவ சிரி பாப்போம்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் சேனாதிபதியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்வார்கள். லாரி டிரைவர்கள் வந்தால் அவர்களுக்குக் காட்டுவதற்காகக் கூப்பிடுவார்கள். ஒரு டிரைவர் இது வெறும் நடிப்பு என்றான். அவர் விழுந்து கிடக்கும்போது பீடியின் நெருப்பைக் கெண்டைக்காலில் வைத்து அழுத்தினான். கால் அசையவில்லை. “நெசந்தான்டா,” என்று எழுந்து போனான். தோல் கருகும் வாசனை தனக்கு வந்தது என்றும், உள்ளுக்குள் கத்திக்கொண்டே கிடந்ததாகவும் சேனாதிபதி சொன்னார். அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றல்ல, நான்கு.

கோடாரி பிடிக்கிற வேலைக்கு அவர் ஆகமாட்டார் என்று தெரிந்ததும் பட்டைக் கட்டு கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். இந்த ஆளை எதற்கு வைத்திருக்கிறாய் என்று காண்ட்ராக்டர் கேட்டதற்கு, “பொழுது போகணும்ல அண்ணாச்சி,” என்றாராம் சுப்புராஜ்.

பட்டை கட்டும் இடத்தில்தான் பாப்பம்மாள் இருந்தாள். அவளும் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். வாயைத் திறந்தால் கேலியும் கிண்டலுமாகப் பேசுகிற பெண். யார் நடையையும் அப்படியே நடந்து காட்டுவாள். 1977இல் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. அதன் பிறகு அவள் பேச்சை மாற்றிக்கொண்டாள். புருஷன் எதிரில் யாரையும் நடித்துக் காட்டுவதில்லை. ஏதாவது வேடிக்கை வாய்க்கு வந்தால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவரும் பழகிக்கொண்டார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் கன்னத்தின் உட்சதையைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். மனைவி அருகில் வந்து உட்கார்ந்து சந்தோஷமாக எதையாவது சொன்னாலும் அதே கடிதான். சந்தோஷமும் அவரை விழவைக்கும். பார்க்கிறவர்களுக்கு அவர் முகம் மரக்கட்டை மாதிரி இருக்கும். அவள் அதோடு குடித்தனம் நடத்தினாள்.

1979இல் மகள் பிறந்தாள். கண்மணி என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை அவர் கையில் கொடுப்பதற்குப் பாப்பம்மாள் ஒரு முறை வைத்திருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார வேண்டும். குழந்தையை மடியில் வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே இருப்பாள். அவராகத் தூக்கக் கூடாது.

அந்த டிசம்பரில் ஒரு நாள் ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருந்தது. பாப்பம்மாள் பள்ளங்கிக்குப் புறப்பட்டாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, பாயில் போட்டு, வெந்நீரும் வைத்துவிட்டாள்.

“நான் வெரசா வந்து குளிப்பாட்டிக்கிறேன். நீங்க தூக்க வேணாம்.”

“சரி.”

கடையில் கூட்டம். நேரம் போயிற்று. மத்தியான வெயில் சாய்ந்து மூடுபனி மேலே ஏறி வந்தது. இனி குளிர் வந்துவிடும், எண்ணெயோடு கிடந்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சேனாதிபதி நினைத்தார். அலுமினியப் பேசினில் வெந்நீரை விளாவி, வாசலில் வைத்து, அருகில் மண்டியிட்டு, ஏழு மாதக் குழந்தையைத் தண்ணீரில் உட்கார வைத்தார். ஒரு கை முதுகில், ஒரு கை மார்பில். குழந்தை உள்ளங்கையால் தண்ணீரை அடித்தது. அது அவர் முகத்தில் தெறித்தது. குழந்தை முதலில் திடுக்கிட்டது. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, அதுவரை சிரிக்காத மாதிரி, சத்தமாகச் சிரித்தது.

அவர் கன்னத்தைக் கடிக்க மறந்துவிட்டார்.

கைகள்தான் முதலில் போயின. பிறகு உடம்பு பேசினின் விளிம்பில் சாய்ந்தது. முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. கண் திறந்தேதான் இருந்தது. குழந்தை குப்புறச் சரிந்ததைப் பார்த்தார். அது காலை உதைத்ததைப் பார்த்தார். தன் கை அதன் முதுகின் மேலேயே கிடந்தது. அந்தக் கையை எடுக்கவும் அவரால் முடியவில்லை. உடம்பு திரும்பி வந்தபோது குழந்தையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போது நடுவில் தூங்கிப்போனார். பத்து நிமிஷம் கழித்து விழித்து, விட்ட இடத்திலிருந்து சொன்னார்.

பாப்பம்மாள் மண்ணெண்ணெய் டின்னோடு வந்தாள். கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அழுவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“சிரிச்சீங்களா?”

“சிரிச்சேன்.”

ஒன்பதாம் நாள் அவளுடைய அண்ணன் கன்னிவாடியிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். சேனாதிபதி தடுக்கவில்லை.

கொட்டகைக்காரர்கள் ஆறு மாதம் அவரைச் சும்மா விட்டார்கள். பிறகு சுப்புராஜுக்கு அலுத்துவிட்டது. கதை எதற்கும் சேனாதிபதி அசையவில்லை என்பதால் புது வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் விலாவில் கிச்சுகிச்சு மூட்டுவான். மனசு சிரிக்காவிட்டாலும் உடம்பு சிரித்தது. விழுந்தார். “பிள்ளைய முக்குனவன எதுக்குலே பாவம் பாக்கணும்?” என்று ஒருவன் சொன்னதைத் தரையில் கிடந்தபடி கேட்டதாகச் சொன்னார்.

1984 கோடை சீசனுக்கு மதுரையிலிருந்து நரம்பு டாக்டர் ஒருவர் காண்ட்ராக்டரின் விருந்தாளியாக வந்திருந்தார். காட்டைச் சுற்றிக் காட்டிய சுப்புராஜ், கடைசியில் சேனாதிபதியையும் காட்டினார். மற்ற விருந்தாளிகள் கைதட்டினார்கள். டாக்டர் கைதட்டாமல் அவர் அருகே உட்கார்ந்து, முழங்காலைத் தூக்கி, கை விளிம்பால் ஒரு தட்டுத் தட்டினார். கால் துள்ளவில்லை. சேனாதிபதி எழுந்த பிறகு அதே இடத்தில் தட்டினார். கால் துள்ளியது.

“பகல்ல தூக்கம் வருமா?”

“வருங்க. எந்நேரமும் வருங்க.”

“தூங்குற நேரத்துல யாராவது வந்து அமுக்குற மாதிரி?”

சேனாதிபதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். இந்த இரண்டையும் சேர்த்து யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மதுரை டாக்டர் எங்கள் டாக்டரிடம் சொல்லிவைத்து, அடுத்த வாரம் அவரை மதுரைக்கு அழைத்து வரும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். புறப்படும் நாள் காலையில் சேனாதிபதி வெள்ளனே வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, முப்பத்தொரு வயதுக்கு நரை அதிகம். நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. மருந்து குழப்பிக் கொடுத்த ஒரு கம்பவுண்டரைப் பற்றிய கதையை ஆரம்பித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “வேணாங்கய்யா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு ஹாலில் இருபது மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே அவரை நிற்க வைத்தார்கள். மாணவர்கள் மாறி மாறி ஜோக் சொன்னார்கள். ஒருவன் மிமிக்ரி செய்தான். சேனாதிபதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னம் உள்ளே இழுபட்டிருந்தது. கடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் போயிற்று. டாக்டருக்குக் கொஞ்சம் சலிப்பு. சரி, விட்டுவிடலாம் என்று அவர் தோளில் கை வைத்துச் சொன்னார்:

“பயப்படாதீங்க. இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. சோம்பேறித்தனமும் இல்ல. இது ஒரு வியாதி. இதுக்குப் பேர் இருக்கு. உலகத்துல ஆயிரக்கணக்கான பேருக்கு இருக்கு. உங்க தப்பு எதுவும் இல்ல.”

சேனாதிபதி தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. அப்படியே தாடை தொங்கி, முழங்கால் மடங்கி, சிமெண்டுத் தரையில் விழுந்தார்.

மாணவர்கள் கைதட்டினார்கள்.

டாக்டரும் நேரத்தை வீணாக்கவில்லை. அவரைச் சுற்றி மாணவர்களை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். எனக்காகவோ என்னவோ, கொஞ்சம் தமிழிலும் சொன்னார். மனிதன் தூங்கி ஒன்றரை மணி நேரம் போனபின் கனவுக் கட்டம் வரும். மூடிய இமைக்குள் விழிகள் இங்கும் அங்கும் ஓடும். அந்த நேரத்தில் மூளை கைகால்களின் பிடியை அவிழ்த்துவிடும். இல்லையென்றால் கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடுவான். இந்த வியாதிக்காரருக்குக் கனவுக்கும் விழிப்புக்கும் நடுவேயுள்ள வேலி சரியில்லை. தூங்கியவுடனே கனவுக்குள் போய்விடுவார். பாதி விழித்த பிறகும் கனவு விடாது. உடம்பும் அவிழ்ந்தே கிடக்கும். அதுதான் மார்பில் ஏறும் பேய். விழித்திருக்கும்போதும், சிரிப்போ சந்தோஷமோ கோபமோ மனசை உலுக்கினால், கனவுக்கான அந்தத் தளர்ச்சி மட்டும் தனியாகக் கழன்று வந்துவிடும். அறிவு முழித்திருக்கும், உடம்பு தூங்கும். ஏன் என்று இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. மாத்திரை இருக்கிறது, விழுவதை நிறுத்தலாம். தூக்கத்துக்கு, பகலில் இரண்டு வேளை நேரம் குறித்துப் படுக்க வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக விழுவார்.

இவ்வளவையும் சேனாதிபதி காலடியில் கிடந்து கேட்டார். இரண்டு நிமிஷத்துக்கு மேலாயிற்று. ஒருவரும் தலைக்குக் கீழே ஒரு துணிகூட வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார். “வியாதிதானேங்க? அப்படித்தானே சொன்னாரு?”

மாத்திரை பத்தே நாளில் வேலை செய்தது. வாய் வறண்டது, அவ்வளவுதான். ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து, நான் அன்று பாதியில் விட்ட கம்பவுண்டர் கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். “ஹஹ்” என்று ஒரு சத்தம் வந்தது. பழக்கம் விட்டுப்போன சிரிப்பு. விழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கன்னிவாடிக்குப் புறப்பட்டார்.

பாப்பம்மாள் அங்கே ஒரு தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். வியாதி, அதன் பெயர், டாக்டர் சொன்னது. மாத்திரைச் சீட்டையும் எடுத்துக் காட்டினார். அவள் கூடையை இறக்காமல் கேட்டாள்.

“பேரு தெரியாதப்பவும் விழுவோம்னு தெரியும்தானே?”

“தெரியும்.”

“தூக்க வேணாம்னு நான் சொன்னேன்தானே?”

“சொன்ன.”

“டாக்டரு அதுக்கு என்னா சொன்னாரு?”

அவள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

காட்டில் வேறு விதமாக இருந்தது. கிச்சுகிச்சு மூட்டினாலும் இப்போது நெளிவார், சிரிப்பார், நின்றுகொண்டே இருப்பார். ஒரு வாரம் முயன்று பார்த்தார்கள். லாரி டிரைவர்கள் ஏமாந்துபோனார்கள். இரண்டு வேளை படுக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது சுப்புராஜ் சிரித்தார். “விழவும் மாட்ட, வேலையும் பாக்க மாட்ட. பெறகு ஒனக்கு என்ன சோலி இங்க? கொட்டகையக் காலி பண்ணிரு.”

இரண்டு மாதம் அவர் ஏரிக்கரையிலும் மார்க்கெட்டிலும் வேலை தேடினார். உருளைக்கிழங்கு மூட்டை தூக்கப் போன இடத்தில் மூட்டை மேலேயே தூங்கினார். எஸ்டேட்டில் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். மாத்திரை விழுவதைத்தான் நிறுத்தியது, தூக்கத்தை நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவர் மாத்திரை வாங்க வருவதையே நிறுத்திவிட்டார். பதினைந்து நாள் கழித்து மூக்கையா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். காலையிலிருந்து ஓயாமல் விழுகிறார் என்றான். எழுவார், உடனே சரிவார், மறுபடி எழுவார். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தோம்.

மறுநாள் பேச்சு வந்ததும் கேட்டேன். “ஏன் நிறுத்துனீங்க? டாக்டர் அவ்வளவு சொன்னாரே?”

“சுப்புராஜு கொட்டகையில எடம் குடுக்கிறேன்னாருங்க.”

“எதுக்கு?”

“விழுந்தா குடுக்கிறேன்னாரு.”

நான் திட்டியிருக்கலாம். எங்கள் டாக்டரிடம் சொல்லி அங்கேயே கூட்டிப் பெருக்க வைத்திருக்கலாம். இரண்டும் அப்போது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. தூங்குகிற ஆளை வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது என்றும் தோன்றியது. “உங்க இஷ்டம்,” என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுக் கொட்டகைக்கே திரும்பிப் போனார்.

அதன்பின் இரண்டு வருஷம் பழையபடியே நடந்தது. 1986 நவம்பரில், மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், பட்டைக் கட்டு ஏற்றிய லாரி மலையிறங்கியது. கட்டுகளின் மேல் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேனாதிபதி ஓரத்தில். யாரோ எதையோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று மூக்கையாவுக்கு நினைவில்லை; பெரிய வேடிக்கைகூட இல்லை என்றான். வளைவில் லாரி திரும்பும்போது சேனாதிபதி சரிந்து ரோட்டில் விழுந்தார்.

கூரையைத் தட்டி லாரியை நிறுத்தினார்கள். யாரும் உடனே இறங்கவில்லை. “ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சிருவான்,” என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த சுப்புராஜ். டிரைவர் பீடி பற்றவைத்தான். மேலிருந்த ஒருவன், “ஏலே சேனாதிபதி, படை காத்துக் கெடக்குலே,” என்று கத்தினான், மற்றவர்கள் சிரித்தார்கள். பீடி தீர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம்தான் மூக்கையா இறங்கிப் போய்த் தலையைத் தூக்கினான். அவன் கைகள் இரண்டும் பின்னந்தலை ரத்தத்தில் நனைந்தன.

எங்களிடம்தான் கொண்டுவந்தார்கள். மூச்சு இருந்தது. முக்கால் மணி நேரம் இருந்தது. அதுவரை அவர் காதருகில் நின்றே சுப்புராஜ், தூக்கக் கலக்கத்தில் தானாக விழுந்தான் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சேனாதிபதியின் கண் பாதி திறந்திருந்தது. அது கேட்டிருக்குமா என்று மூக்கையா என்னிடம் கேட்டான். மண்டை உடைந்தவருக்கு நினைவிருக்காது என்று சொன்னேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

போலீஸ் தாளிலும் தூக்கக் கலக்கம் என்றுதான் எழுதினார்கள். கன்னிவாடிக்குச் சொல்லியனுப்பினோம். பாப்பம்மாள் மூன்றாம் நாள் வந்தாள், அதற்குள் புதைத்துவிட்டார்கள். கொட்டகையில் இருந்த அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு வேட்டி, ஒரு போர்வை. போர்வையை மட்டும் எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் பஸ் ஏறினாள்.